எடை கழித்தபின்

ஜனவரி. டுலூத்தில் ஏரி பாதி உறைந்து கிடக்கிறது.
ஒரு கோப்புக்கு ஏழு நிமிடம் என்பது அலுவலகக் கணக்கு.
தேநீர் ஆற எட்டு நிமிடமாகும்.
சூடாகவே விழுங்கப் பழகிவிட்டேன்.

முதல் வேலை எடையைக் கழிப்பது.
கல்லூரித் தரப் பாடம் எடுத்த பிள்ளைக்குப்
பள்ளிக்கூடம் ஒரு புள்ளி கூட்டிப் போட்டு அனுப்பும்,
பையோடு சேர்த்துச் சர்க்கரையை நிறுக்கிற கடைக்காரர் மாதிரி.
நாங்கள் பையை உருவிவிட்டு
உள்ளே இருப்பதை மட்டும் மறுபடி நிறுப்போம்.
நான்கு புள்ளி ஒன்று என்று வந்தவள்
மூன்று புள்ளி ஒன்றாகத் திரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஐலா கிவெலா. வடக்கே, இரும்புச் சுரங்க ஊர்.
ஏ.பி. வேதியியல்: முதல் பருவம் சி பிளஸ்,
இரண்டாம் பருவம் பி மைனஸ்.
ஏ.பி. கால்குலஸ்: பி மைனஸ்.
அந்தப் பள்ளியில் கால்குலஸுக்கு ஆசிரியர் இல்லை.
அறுபது மைல் தள்ளி ஒருவர் பாடம் எடுக்க,
நூலக மூலையில் ஐந்து பேர் திரையில் பார்க்கிறார்கள்.
இதை அவள் எழுதவில்லை.
பள்ளி ஆலோசகர் எழுதியிருக்கிறார், ஒரே வரியில்,
எழுத்துப்பிழையோடு.

அடுத்த கோப்பு பிரெண்டன் ஆஸ்ட்பி.
எல்லாம் ஏ. மண்பாண்டம் இரண்டு முறை.
யாரும் கால் வைக்காத பனிபோல் அத்தனை சுத்தம்.

ஒவ்வோர் அக்டோபரும் ஏதாவதொரு பள்ளி அரங்கில்
ஒரு தகப்பன் எழுந்து கேட்பார்:
எளிய பாடத்தில் ஏ நல்லதா,
கடினப் பாடத்தில் பி நல்லதா?
கடினப் பாடத்தில் ஏ, என்பேன்.
அரங்கம் சிரிக்கும்.
பதினொரு வருடமாக அதே பதில், அதே சிரிப்பு.
சி பிளஸ் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் என்னிடம் அதற்கு நகைச்சுவை இல்லை.

வியாழக்கிழமை குழு கூடியது.
"ஏற முடியாத ஏணியில் எதற்குக் கால் வைத்தாள்?"
என்றார் ஆரின்.
"நம் வேதியியலில் இவள் தாங்குவாளா?"
என்றார் வினிஃப்ரெட். அதுவும் நியாயம்தான்,
தாங்காமல் போனவர்களுக்குக் கடிதம் எழுதுவது அவர்.
நான் சி பிளஸுக்கும் பி மைனஸுக்கும் நடுவே விரல் வைத்து
"இங்கே பாருங்கள்" என்றேன்.
பார்த்தார்கள்.
ஒரு தாளின் தடிமன்கூட இல்லை அந்த இடைவெளி.

காத்திருப்போர் பட்டியல் என்று முடிவானது.
பிரெண்டனுக்கு முழுசாக ஒரு நிமிடமும் ஆகவில்லை.
உதவித்தொகையோடு சேர்த்துக்கொண்டோம்.
அவனுக்கு நானும்தான் கை தூக்கினேன்.
அதைச் சொல்லாமல் விட்டால்
இந்தக் கவிதை பொய்க்கணக்கு ஆகிவிடும்.

வீடு. குளிர்சாதனப் பெட்டியில்
பீட்சாக் கடைக் காந்தத்தின் கீழே ஒரு படிவம்.
பதினோராம் வகுப்புக்குப் பாடத் தேர்வு,
வெள்ளிக்குள் பெற்றோர் கையெழுத்து.
இயற்பியல் என்று ஒரு கட்டம்,
ஏ.பி. இயற்பியல் என்று இன்னொரு கட்டம்.
இரண்டையும் காலியாக விட்டு
ஓரத்தில் சிக்னே பென்சிலால் கிறுக்கியிருக்கிறாள்:
நீயே போடு அம்மா, உனக்குத்தான் தெரியுமே.

எனக்குத்தான் தெரியும்.
இவள் போன பருவத்தில் கணக்கில் வாங்கிய பி தெரியும்.
அதற்காக ஞாயிறு இரவுகளில் எரிந்த விளக்கும் தெரியும்,
எந்தத் திரையிலும் வராத விளக்கு.
இவள் கோப்பை ஏதோ ஊரில் ஒருத்தி பிரிப்பாள்,
சூடான தேநீரோடு,
பையை உருவிவிட்டு.

பேனாவை எடுத்தேன்.
இரவெல்லாம் காரில் கிடந்தது, மை உறைந்துவிட்டது.
வாயருகே வைத்து ஊதினேன்.
மறுபடி எழுதிப் பார்த்தேன்.
தாளில் ஒரு பள்ளம் மட்டும் விழுந்தது, நிறமில்லாமல்,
இரண்டு கட்டங்களுக்கும் நடுவில்.

மாடியில் அவள் கதவு திறக்கும் சத்தம்.